ஓட்டுப் போடாதவள் மேல்தான் பழியா? ஒரு வீட்டுச் சண்டை, உங்கள் கருத்து தேவை

மேலூர்க்காரி எழுதியது:

வணக்கம். வாட்ஸாப்பில் ஆரம்பித்த வீட்டுச் சண்டை இது, கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அக்கா டல்லாஸில் இருக்கிறாள், பதினாலு வருஷம் ஆகிறது. கிரீன் கார்டு வரிசையில் இன்னும் நிற்கிறார்கள், அதனால் அவளுக்கும் அத்தானுக்கும் அங்கே ஓட்டு கிடையாது. அவள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தெலுங்குப் பெண். ஐந்தாம் மாதம் தொடங்கும்போதே பனிக்குடம் உடைந்துவிட்டது. பிள்ளை தங்காது என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். ஆனால் துடிப்பு இருக்கிறதே, டெக்ஸாஸ் சட்டப்படி இப்போது கருவைக் கலைக்க நாங்கள் கை வைக்க முடியாது, வீட்டுக்குப் போங்கள், காய்ச்சல் வந்தால் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அதாவது சீழ் பிடிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று அர்த்தம். மூன்றாம் நாள் உடம்பு தூக்கிப்போட ஆரம்பித்த பிறகுதான் சேர்த்துக்கொண்டார்கள். பிழைத்துவிட்டாள். அக்காதான் ஒரு மாதம் கஞ்சி வைத்துக் கொடுத்தாள்.

அக்கா ஆபீஸில் ஒரு வெள்ளைக்காரப் பெண், ட்ரம்ப் ஜெயித்த 2016 அதிபர் தேர்தலில் "ரெண்டு பேரும் ஒண்ணுதான்" என்று ஓட்டுப் போடாமல் வீட்டில் இருந்தவளாம். அவளோடு அக்கா பேச்சையே நிறுத்திவிட்டாள். இதை எங்கள் குடும்பக் குரூப்பில் சொன்னபோது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், நானும்தான் 2019லும் 2024லும் போடவில்லை என்று சொல்லித் தொலைத்தேன். "உன்னை மாதிரி ஆளுங்களாலதாண்டி அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துச்சு" என்றாள். அத்தான் நடுவில் புகுந்து, இவளைத் திட்டி என்ன பண்ண, அந்த டெமாக்ரடிக் கட்சிக்காரன் ஐம்பது வருஷம் கருக்கலைப்பு உரிமையை வைத்தே ஓட்டு வாங்கினான், ஒரு சட்டம் போட்டானா என்று கேட்டார். அதோடு அவர்கள் இரண்டு பேருக்கும் சண்டை.

நான் ஒன்றும் கொள்கைக்காக ஓட்டுப் போடாதவள் இல்லை. 2019ல் மதுரையில் தேரோட்டத்தன்றுதான் ஓட்டுப்பதிவு, ராத்திரி எட்டு மணி வரைக்கும் நேரம் கூட்டிக் கொடுத்திருந்தார்கள், நான் மாசி வீதியில் தேர் பார்த்துவிட்டுக் கால் ஓய்ந்து தூங்கிவிட்டேன். பெயர் மேலூரில், அப்பா வீட்டு முகவரியில் இருக்கிறது. 2024ல் கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏப்ரல் வெயிலில் பஸ் ஏறப் பயம்.

கேள்வி இதுதான். இப்படி ஓர் உரிமை கைவிட்டுப் போனால் யாரைக் குற்றம் சொல்வது? போடாதவரையா, வாங்கிக்கொண்டு ஒன்றும் செய்யாதவரையா?

செல்லூர் தறி எழுதியது:

தங்கச்சி, கோவிச்சுக்காதீங்க, உங்கள் அக்கா பக்கம்தான் நியாயம்.

கணக்கைப் பாருங்கள். 2016ல் ட்ரம்ப் மிச்சிகனில் ஜெயித்தது 10,704 ஓட்டில். விஸ்கான்சினில் 22,748. பென்சில்வேனியாவில் 44,292. மூன்றையும் கூட்டினால் 78 ஆயிரம்கூட வராது. பொங்கல் முடிந்து ஊர் திரும்புகிற ராத்திரிகளில் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறுகிற கூட்டம், அவ்வளவுதான். அந்தக் கூட்டம் வந்து போட்டிருந்தால் முடிவே வேறு. ஜெயித்த மனிதர் மூன்று நீதிபதிகளைப் போட்டார், 2017ல் கோர்சக், 2018ல் கேவனா, 2020ல் பேரட். அங்கே சுப்ரீம் கோர்ட்டில் மொத்தமே ஒன்பது பேர், ஓய்வு வயது என்பதே இல்லை, உயிர் இருக்கும்வரை உட்காரலாம். 2022 ஜூன் 24 அன்று மாநிலங்கள் தடை போட முடியாதபடி கருக்கலைப்பை உரிமையாக்கிய 1973ஆம் வருஷத்து ரோ தீர்ப்பைத் தூக்கி எறிந்தது ஐந்து பேர், அந்த ஐந்தில் மூன்று இவர்கள். தலைமை நீதிபதி ராபர்ட்ஸ்கூட 15 வாரத்துக்கு மேல் கருக்கலைப்பு கூடாது என்று மிசிசிப்பி மாநிலம் போட்ட சட்டம் செல்லட்டும், ரோவை முழுசாகப் புதைக்க வேண்டாம் என்றுதான் தனியாக எழுதினார்.

"ரெண்டு பேரும் ஒண்ணுதான்" என்று யாராவது சொன்னாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நூல் விலை ஏறினால் தறியை நிறுத்துவோம், மஞ்சள்காமாலை வந்தால் நிறுத்துவோம், ஆனால் ஓட்டுக்கு ஒரு நாளும் மட்டம் போட்டதில்லை எங்கள் தெருவில். போடாதவர் அப்புறம் குறை சொல்லக் கூடாது.

நோட்டா ரசிகன் எழுதியது:

போட்டவர் மட்டும் குறை சொல்லி என்ன கிழித்தார் அண்ணே?

வைகை வடகரை எழுதியது:

ஒத்தக்கடைப் பக்கம், மதுரை பெஞ்சில் தொழில் பார்க்கும் வக்கீல் நான். தறி அண்ணன் சொன்ன எண்கள் சரி, ஆனால் சகோதரியின் கதைக்கு அவை பொருந்தவில்லை. அக்கா ஆபீஸ் பெண் இருந்தது டெக்ஸாஸில். அங்கே 2016ல் ட்ரம்ப் ஜெயித்த வித்தியாசம் 8 லட்சம். அந்தப் பெண் போட்டிருந்தாலும் வீட்டில் படுத்திருந்தாலும் ஒரு மயிரளவும் மாறியிருக்காது. பிள்ளையார் கோயில் உண்டியலில் நாலணா போடாததால் கும்பாபிஷேகம் நின்றுபோனது என்பது போல இருக்கிறது இந்தப் பழி. இன்னொன்று, நாடு முழுக்க எண்ணினால் ஹிலாரி கிளின்டன் ஏறக்குறைய 29 லட்சம் ஓட்டு அதிகம் வாங்கியவர். வாங்கியும் தோற்றார், மாநிலம் மாநிலமாகக் கணக்குப் பார்க்கிற அந்த ஊர்த் தேர்தல் முறை அப்படி. வந்து போட்டவர்களும் ஏமாந்தவர்கள்தான்.

பழி சொல்லியே தீர வேண்டும் என்றால் 2016க்கு முன்னால் போக வேண்டும். 2014 இடைத்தேர்தலில் (நம்ம ஊர் இடைத்தேர்தல் மாதிரி இல்லை, அதிபர் பதவிக்காலத்தின் நடுவில் நாடு முழுக்க நடப்பது) ஓட்டுரிமை இருந்தவர்களில் நூற்றுக்கு 37 பேர்கூட வரவில்லை. அதில்தான் நீதிபதி நியமனத்துக்கு ஒப்புதல் தர வேண்டிய செனட் சபை, ட்ரம்பின் குடியரசுக் கட்சி கைக்குப் போனது. 2016 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் நீதிபதி ஸ்காலியா இறந்ததும் அதிபர் ஒபாமா மார்ச்சில் அந்த இடத்துக்கு மெரிக் கார்லண்டின் பெயரைச் சொன்னார். செனட்டில் குடியரசுக் கட்சித் தலைவர் மெக்கானல் ஒரு விசாரணைகூட நடத்தாமல் அந்த வருஷம் முழுக்கக் கிடப்பில் போட்டார், தேர்தல் வருஷத்தில் நியமிக்கக் கூடாது என்று காரணம் சொன்னார். அதே ஆள் 2020 செப்டம்பரில் நீதிபதி கின்ஸ்பர்க் அம்மையார் இறந்ததும் அக்டோபர் 26க்குள், தேர்தலுக்கு எட்டே நாள் இருக்கும்போது, பேரட்டை உட்கார வைத்தார். இதில் வாக்காளர் எங்கே வந்தார்? இது முழுக்கத் தலைவர்கள் ஆடிய தாயம். கின்ஸ்பர்க் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. செனட் டெமாக்ரடிக் கட்சி கையில் இருந்த 2013, 2014லேயே எண்பது வயது தாண்டியவர் விலகியிருந்தால் அந்த நாற்காலியாவது மிஞ்சியிருக்கும்.

அப்புறம் உங்கள் அத்தான் கேட்ட கேள்வி. ரோ தீர்ப்பு 49 வருஷம் இருந்தது. தீர்ப்பு என்பது வாடகை வீடு, சட்டம்தான் சொந்த வீடு. இத்தனை வருஷத்தில் டெமாக்ரடிக் கட்சி சொந்தமாக ஒன்று கட்டவில்லை. 2007ல் ஒபாமா, பதவிக்கு வந்ததும் முதல் வேலையாகக் கையெழுத்துப் போடுவேன் என்று இந்த உரிமைக்கான ஒரு மசோதாவைச் சொன்னார். 2009ல் பதவிக்கு வந்தபின் அது தமக்கு முதல் முன்னுரிமை இல்லை என்றார். கடைசியில் தீர்ப்பின் வரைவு கசிந்த பிறகு, 2022 மே மாதம், செனட்டில் அவசரமாக ஒரு ஓட்டெடுப்பு நடத்தி 49க்கு 51 என்று தோற்றார்கள். அங்கே பேச்சை முடித்து ஓட்டெடுப்புக்குப் போகவே 60 பேர் வேண்டும், இவர்களால் 50 பேரைக்கூடத் தேற்ற முடியவில்லை. ஜூன் 24 அன்று தீர்ப்பு வந்தது, அன்றைக்கே நன்கொடை கேட்டு மெயில் அனுப்பினார்கள். சாவு வீட்டில் மொய் எழுத உட்கார்ந்த மாதிரி.

நமக்கு இது புதுசா? நீட்டை நினைத்துப் பாருங்கள். ரத்து செய்வோம் என்றார்கள், மசோதா போனது, கவர்னர் திருப்பி அனுப்பினார், மறுபடி போனது, ஜனாதிபதி ஒப்புதல் கிடைக்கவில்லை. நீ கொண்டுவந்தாய், நீ தடுக்கவில்லை என்று மேடைக்கு மேடை சண்டை மட்டும் குறையவில்லை. சண்டை போடுகிற எல்லோருக்கும் அதில் ஓட்டு இருக்கிறது.

ஜல்லிக்கட்டில் மட்டும் ஏன் நடந்தது? 2014 மே மாதம் சுப்ரீம் கோர்ட் தடை போட்டது. 2017 ஜனவரியில் அலங்காநல்லூரிலும் தமுக்கத்திலும் சனம் குளிரில் உட்கார்ந்தது, ஒரே வாரத்தில் அவசரச் சட்டம், 23ஆம் தேதி சட்டமன்றத்தில் மசோதா. 2023ல் அதே கோர்ட் அந்தச் சட்டம் செல்லும் என்றது. கோர்ட் எடுத்ததைச் சட்டமன்றம் திருப்பிக் கொடுக்க முடியும். செய்ய வைக்க ஆள் வேண்டும்.

செல்லூர் தறி எழுதியது:

வக்கீல் சார், நீங்கள் சொன்னதிலேயே என் பதிலும் இருக்கிறது. 2014ல் நூற்றுக்கு 37 பேர்கூட வரவில்லை என்றீர்களே, அது யார் குற்றம்? மெக்கானல் வந்து அவர்களைக் கட்டிலில் கட்டிப் போட்டாரா? தமுக்கத்தில் நான் மூன்று ராத்திரி இருந்தேன், மாட்டுக்காக வந்த கூட்டம் அது, ஆம்பளைக் காரியம் என்பதால் ஊரே வந்தது. பொம்பளைக்கு ஒன்று என்றால் அத்தனை பேர் வருவார்களா?

உசிலம்பட்டி சிஸ்டர் எழுதியது:

தறித் தம்பி கடைசியில் கேட்ட கேள்விக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். உசிலம்பட்டிப் பக்கம் கிராம சுகாதார நர்ஸாக முப்பது வருஷம் நடந்திருக்கிறேன், இப்போது ரிட்டயர்டு.

நம்ம பக்கம் கருக்கலைப்பு என்று சொன்னால் கேட்பவர் மனசில் வருவது வேறு. எங்கள் ஊர்ப் பெயரே கள்ளிப்பாலோடு சேர்ந்துதான் பேப்பரில் வந்தது. 1992ல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. ஸ்கேன் சென்டர்கள் பெருகியபின் தொட்டிலுக்கு வர வேண்டியது வயிற்றிலேயே முடிந்தது, அதைத் தடுக்க 1994ல் சட்டம். அந்தச் சட்டம் வேண்டியதுதான், நானே ஊர் ஊராகப் போய்ப் பேசியிருக்கிறேன். ஆனால் அதில் நடந்த இன்னொரு விஷயத்தை யாரும் எழுதுவதில்லை. நிஜமாகவே முடியாமல் வருகிற பெண்ணையும் திருடியைப் போலப் பார்க்கிற பழக்கம் எங்களுக்கு வந்துவிட்டது. கைப்பிள்ளைக்கு எட்டு மாதம், மறுபடி நாள் தள்ளிப்போய்விட்டது, உடம்பில் ரத்தம் இல்லை என்று ஒருத்தி வருவாள். "பொம்பளைப் பிள்ளைன்னு தெரிஞ்சுதானே வந்தே?" என்று கேட்பார்கள். ஆறு வாரத்தில் அதெல்லாம் யாருக்குத் தெரியும், கேட்பவருக்கும் அது தெரியும், இருந்தாலும் கேட்பார்கள். அப்புறம் புருஷனைக் கூட்டிக்கொண்டு வா, கையெழுத்துப் போட்டால்தான் ஆச்சு என்பார்கள். பதினெட்டு முடிந்த பெண்ணுக்கு அவள் கையெழுத்து ஒன்றே போதும், புருஷன், மாமியார் யாருடைய கையெழுத்தும் சட்டத்தில் கிடையாது. முப்பது வருஷத்தில் இதை நான் எத்தனை பேரிடம் சண்டை போட்டுச் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. அலுத்துப்போன பெண்கள் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு, உதிரப்போக்கு நிற்காமல் பாயோடு சுருட்டித் தூக்கி வரும்போதுதான் எங்களுக்கே தெரியும்.

நமக்கு 1971லேயே சட்டம் வந்துவிட்டது, அமெரிக்காவை விட நாம் முன்னால் என்று ஒரு பெருமை சொல்வார்கள். சரி, இருக்கட்டும். ஆனால் அதைப் படித்துப் பாருங்கள். பெண் கேட்டால் செய்ய வேண்டும் என்று எங்கும் இல்லை. உடம்புக்கோ மனசுக்கோ கேடு என்றோ, கருத்தடை பலிக்கவில்லை என்றோ டாக்டர் நினைக்க வேண்டும். 2021 திருத்தத்துக்குப் பின் 20 வாரம் வரை ஒரு டாக்டர், சில வகைப் பெண்களுக்கு 24 வாரம் வரை இரண்டு டாக்டர். 2022 செப்டம்பர் 29ஆம் தேதி நம் சுப்ரீம் கோர்ட் கல்யாணம் ஆகாத பெண்ணுக்கும் இந்த 24 வாரம் உண்டு என்று சொன்னது. அமெரிக்காவில் கதவை மூடி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது, எனக்கு அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம். அடுத்த வருஷம் அக்டோபரில் இரண்டு பிள்ளை பெற்ற ஒரு தாய், பிரசவத்துக்குப் பிந்திய மனச்சோர்வுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தவள், 26 வாரத்தில் கேட்டபோது முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். கூடுகிறதும் குறைகிறதும் கோர்ட்டில் உட்கார்ந்திருப்பவர் கையில்தான் இருக்கிறது, அங்கே மாதிரியே.

ஓட்டு விஷயத்துக்கு வருகிறேன். உசிலம்பட்டியில் எந்தக் கட்சி மேடையிலும் கருக்கலைப்பு என்ற வார்த்தையை ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. வெள்ளாடு, மிக்ஸி, ஆயிரம் ரூபாய் எல்லாம் பெண்களுக்காகப் பேசுவார்கள், இதைப் பேச மாட்டார்கள். 2021ல் கொரோனா நேரம், என்னை பூத் வாசலில் டெம்பரேச்சர் பார்க்க நிறுத்தினார்கள். காலையிலிருந்து பெண்கள் வரிசை குறையவே இல்லை. ஓட்டுப் போடுவதில் எங்கள் பெண்கள் சோம்பேறிகள் கிடையாது. அந்த வரிசையில் நின்றவர்களில் நாலைந்து பேரை மாத்திரை சாப்பிட்டு வந்து விழுந்தவர்களாக எனக்குத் தெரியும். அவர்கள் போட்ட ஓட்டில் இதற்கு எந்தச் சின்னத்தில் குத்துவது? மேலூர்க்காரி, உங்கள் அக்காவுக்குச் சொல்லுங்கள், அந்த ஊர்ப் பெண்ணுக்காவது போடாமல் விட ஒரு ஓட்டு இருந்தது.

டல்லாஸ்ல கோரிப்பாளையம் எழுதியது:

நானும் இங்கேதான் இருக்கிறேன், இந்த வருஷம்தான் சிட்டிசன் ஆனேன். சிஸ்டர் சொன்னதை ஒட்டி ஒன்று.

2022 ஆகஸ்ட் 2, கேன்சஸ் மாநிலம். கோதுமை விளைகிற, சர்ச்சுக்குப் போகிற ஊர், 1964க்குப் பிறகு அதிபர் தேர்தலில் டெமாக்ரடிக் கட்சிக்கு ஜெயிக்கக் கொடுத்ததே இல்லை. அங்கே கருக்கலைப்பு உரிமையை மாநில அரசியல் சட்டத்திலிருந்து எடுக்கலாமா என்று நேரடியாகச் சனத்திடமே கேட்டார்கள். கொளுத்துகிற ஆகஸ்டில், கட்சிக்குள் வேட்பாளர் பொறுக்குகிற தேர்தலோடு சேர்த்து. யாரும் வர மாட்டார்கள் என்பதுதான் கணக்கு. 9 லட்சம் பேருக்கு மேல் வந்து 59க்கு 41 என்று எடுக்கக் கூடாது என்றார்கள். அப்புறம் மிச்சிகன், கென்டக்கி, 2023ல் ஒஹையோ, எல்லா இடத்திலும் இதே கதை. 2024ல் மிசூரியில் உரிமையும் ஜெயித்தது, ட்ரம்பும் ஜெயித்தார், ஒரே நாள், ஒரே பூத். புளோரிடாவில் 57 சதவீதம் ஆதரித்தும் தோல்விதான், அங்கே 60 வேண்டும் என்று விதி.

அதனால் இங்கே "சனம் ஆர்வம் இழந்துவிட்டது" என்று டிவியில் பேசும்போது எனக்குச் சிரிப்பு வரும். கேள்வியைச் சீட்டில் அச்சடித்துக் கொடுத்தால் வருகிறார்கள். எனக்குப் போடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றால்தான் வருவதில்லை. டெக்ஸாஸில் அப்படிச் சனமே கையெழுத்து வாங்கிக் கேள்வியைச் சீட்டில் ஏற்ற வழி கிடையாது, அது இந்த ஊரின் சாபம். 2022 ஆகஸ்ட் 25லிருந்து இங்கே கருக்கலைப்பு செய்கிற டாக்டருக்கு ஆயுள்தண்டனை வரை போகலாம், அபராதம் ஒரு லட்சம் டாலருக்குக் குறையாது. அந்தத் தெலுங்குச் சகோதரியை வீட்டுக்கு அனுப்பிய டாக்டரை நான் நல்லவர் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அவர் எதைப் பார்த்துப் பயந்தார் என்று தெரியும்.

செல்லூர் தறி எழுதியது:

சிஸ்டர் அக்கா எழுதியதை என் சம்சாரத்திடம் படித்துக் காட்டினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை, "புருஷன் கையெழுத்து வேண்டாமா?" என்று மட்டும் இரண்டு தடவை கேட்டாள். எதற்குக் கேட்டாள் என்று நான் கேட்கவில்லை.

ஓட்டு விஷயத்தில் என் கருத்தில் மாற்றம் இல்லை. பழியில் பாதியை வேண்டுமானால் கட்சிக்குக் கொடுக்கிறேன்.

மேலூர்க்காரி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சிஸ்டர், உங்கள் பதிவை அக்காவுக்கு அப்படியே அனுப்பினேன். டெக்ஸாஸில் 8 லட்சம் வித்தியாசம் என்று வக்கீல் சார் சொன்னதையும் சொன்னேன். "அது எனக்குத் தெரியாதா? மெக்கானல்கிட்ட போய் நான் எப்படிப் பேசாம இருக்கறது, இவகிட்டத்தான் பேசாம இருக்க முடியும்" என்றாள். அந்தப் பெண்ணோடு இன்னும் பேசவில்லை. அத்தானோடு பேசிவிட்டாள், வேறு வழி இல்லை, அவர்தான் கார் ஓட்ட வேண்டும்.

நோட்டா ரசிகன் அண்ணே, எனக்கு நோட்டாவும் வேண்டாம். கல்யாணமாகி ஏழு வருஷம் ஆகியும் பெயர் அப்பா வீட்டில் கிடப்பதே எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. எங்கள் காம்பவுண்டில் மருமகள்கள் ஆறு பேர், விசாரித்தேன், நாலு பேருக்கு இதே கதைதான். மாற்ற என்ன செய்ய வேண்டும்? ஆதார்கூட மேலூர் முகவரியில்தான் இருக்கிறது.

வைகை வடகரை எழுதியது:

படிவம் 8. படிவம் 6 புதுசாகச் சேருபவர்களுக்கு, அதைக் கொடுத்துவிடாதீர்கள், இரண்டு இடத்தில் பெயர் வந்து சிக்கலாகும். ஆதார் பழைய முகவரியில் இருந்தால் பரவாயில்லை, பாங்க் பாஸ்புக்கில் இப்போதைய முகவரி இருந்தால் அதை வைக்கலாம். ஆன்லைனிலும் போடலாம், உங்கள் பகுதி பிஎல்ஓவிடம் (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) நேரிலும் கொடுக்கலாம்.

மேலூர்க்காரி எழுதியது:

பாஸ்புக்கும் மேலூர்தான் சார். முதலில் பாங்குக்குப் போகிறேன்.

உசிலம்பட்டி சிஸ்டர் எழுதியது:

போகும்போது அந்த நாலு பேரையும் கூட்டிக்கொண்டு போம்மா. தனியாகப் போனால் நாளைக்கு வா என்பார்கள்.